இரண்டு பேருக்கும் ஆமாம்

இதலினாவின் பார்லரில் யார் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு ஆமாம் உண்டு. வெறும் ஆமாம் இல்லை. சீப்பை மேஜையில் ஒரு தட்டு தட்டி, கண்ணாடிக்குள் இருக்கும் உங்கள் கண்ணைப் பார்த்து, "நெம் மைஷ்!" என்பாள். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, நீங்கள் சொன்னதுதான் சரி என்று அர்த்தம். போர்ச்சுகலின் செதூபல் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. மீன் சந்தையில் பத்தடிக்கு ஒரு தரம் காதில் விழும். ஆனால் இதலினா சொன்னால் அது வேறு. வீடு போய்ச் சேரும்வரை முதுகு நிமிர்ந்தே இருக்கும்.

அவள் வாயில் ஆமாமுக்கு வரிசை இருந்தது. காது கொடுத்திருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு "போய்ஷ்". அது வெறும் "ம்" மாதிரி, காசு பெறாது. கொஞ்சம் மனசு ஒட்டினால் "பின்னே? கண்டிப்பா!" சீப்பு தட்டப்படுவது மட்டும்தான் கடைசித் தீர்ப்பு. சீப்பு தட்டிய பிறகு வாதாட வந்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது.

இதை ஜால்ரா என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முடி வெட்டத் தெரியாது, அதனால் அப்படிச் சொன்னார்கள். இதலினா பதினாலு வயதில், மரியாதையாக எல்லோரும் 'தோனா' போட்டுக் கூப்பிடும் ஒத்தீலியாவின் கடையில் தலை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்கு மத்தி மீன் டப்பா ஆலையில் வேலை. மகளாவது மீன் வாடை இல்லாத வேலைக்குப் போகட்டும் என்று கொண்டுவந்து விட்டாள். கத்தரிக்கோல் கைக்கு வந்த முதல் வாரம், ஒரு சீமாட்டி பாதிரியாரின் பிரசங்கம் நீளம் என்று அலுத்துக்கொண்டாள். "எனக்குப் பிடிச்சிருந்துதே" என்றது பெண். சீமாட்டி யாரடா இவள் என்று தலையைத் திருப்ப, காதுக்கு மேலே எலி கடித்த மாதிரி ஒரு குழி விழுந்தது. அன்று சாயங்காலம் ஒத்தீலியா திட்டவில்லை. "எதிர்த்துப் பேசினா தலை திரும்பும். ஆமான்னா தலை ஆடாம நிக்கும். உனக்கு எது வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து நாற்பத்து மூன்று வருஷம். சொந்தக் கடை, இரண்டு நாற்காலி, மூலையில் ஒரு பெரிய டிரையர். கால்பந்து, மாமியார், மழை, மேயர், எதுவானாலும் ஆமாம். அவள் கையில் ஒரு தலைகூட அப்புறம் திரும்பவில்லை.

எல்லா ஆமாமும் கடையிலேயே செலவாகிவிட்டதாக அவள் கணவன் அமில்கருக்கு ஒரு குறை. ஆற்றைக் கடக்கும் படகில் அவனுக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை.

"ஊருக்கே ஆமா போடறே. வீட்டுக்கு வந்தா எனக்கு மட்டும் எல்லாத்துக்கும் இல்லை. ஸ்டாக் தீர்ந்துபோச்சா?"

"உன் தலையில நாலு முடி இருந்தா உனக்கும் சொல்லியிருப்பேன்" என்பாள் இதலினா. அமில்கர் வழுக்கையைத் தடவிக்கொண்டு சூப்பைக் குடிப்பான்.

அந்தக் கடைக்கு வாரம் தவறாமல் வருகிறவர்களில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். பெரியவள் நார்சிசா, வியாழக்கிழமை மூன்று மணி. சின்னவள் பென்விந்தா, சனிக்கிழமை காலை. இருவரும் ஒரே நாளில் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒருவரோடு ஒருவர் பேசியும் அவ்வளவு காலம்தான்.

சண்டை ஒரு புகைப்படத்தால் வந்தது. இறந்தவரின் படத்தைப் பீங்கானில் பதித்துக் கல்லறைக் கல்லில் பொருத்துவார்கள் அல்லவா, அம்மாவின் கல்லில் எந்தப் படம் என்பதுதான் வழக்கு. நார்சிசா வைத்திருந்த படத்தில் அம்மா மீன் ஆலை வாசலில், தலையில் துணி கட்டி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பென்விந்தாவின் படத்தில் கறுப்புச் சட்டை, தங்கத் தோடு, சிரிப்பு கிடையாது. ஒரு கல்யாணத்துக்காகத் தோட்டை இரவல் வாங்கிப் போட்டு எடுத்தது. பென்விந்தா யாரையும் கேட்காமல் தன் படத்தைப் பதித்துவிட்டாள். இறந்தவர்களுக்கு ஊரே பூ வைக்கும் நவம்பர் ஒன்றாம் தேதி கல்லறைக்குப் போன நார்சிசா அதைப் பார்த்தாள். அங்கேயே, செவ்வந்திக் கூடையோடு, அக்கம்பக்கத்துச் சொந்தமெல்லாம் பார்க்க வார்த்தை முற்றியது. அதன்பிறகு ஒவ்வொரு நவம்பரும் பெரியவள் காலை எட்டு மணிக்கு வருவாள், சின்னவள் மாலை நான்கு மணிக்கு.

"அம்மாவுக்குச் சொந்தமே இல்லாத தோடு. யாரோ மாதிரி படுத்திருக்கா அங்க. இது நியாயமா?" என்பாள் நார்சிசா வியாழக்கிழமை.

"நெம் மைஷ்!" சீப்பு தட்டும்.

"உயிரோட இருந்த வரைக்கும் மீன் நாத்தம்தான். போன பிறகாவது சீமாட்டியா இருக்கட்டுமே. தப்பா?" என்பாள் பென்விந்தா சனிக்கிழமை.

"நெம் மைஷ்!" மறுபடி சீப்பு தட்டும்.

இரண்டு தடவையும் இதலினா மனசாரத்தான் சொன்னாள். அவளுடைய அம்மாவும் அதே ஆலையில் வேலை செய்தவள். அந்தச் சிரிப்பும் அவளுக்குத் தெரியும், கைவிட்டுப் போகாத அந்த வாடையும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வாரமும் இரண்டு பெண்கள் அவளுடைய ஆமாமைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தங்களுக்கு நடுவே எழுப்பிய சுவரில் ஒரு கல்லாக வைத்துப் பூசினார்கள். அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாளோ என்னவோ.

ஒரு புதன்கிழமை பென்விந்தா போன் செய்தாள். மகன் பிரான்சுக்குக் கூப்பிட்டுவிட்டான், இனி அங்கேயேதான். திங்கட்கிழமை காலை பஸ். சனிக்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

"அதனால நாளைக்கு மூணரைக்கு வரேன். முடியுமா?"

"பின்னே? கண்டிப்பா!" என்றுவிட்டது வாய். பழக்கம் அப்படி. போனை வைத்த பிறகுதான் நாளைக்கு வியாழன் என்பது உறைத்தது.

நார்சிசாவைக் கூப்பிட்டு நேரத்தை மாற்ற ரிசீவரை எடுத்தாள். நான்கு எண்கள் சுழற்றினாள். அப்புறம் கீழே வைத்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த இருவரும் சந்திக்க ஒரே இடம்தான் மிச்சம், அதற்கும் யாராவது ஒருத்தி கல்லுக்குக் கீழே இருக்க வேண்டும். இதை நினைத்ததும் இதலினா நேரத்தை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் மூன்றரைக்குப் பென்விந்தா கதவைத் திறந்தபோது நார்சிசா மூலையில் டிரையர் நாற்காலியில் இருந்தாள். தலை முழுக்க டை, மேலே பிளாஸ்டிக் தொப்பி. அந்தக் கோலத்தில் தெருவில் இறங்க முடியாது. கலைந்து, நெற்றி முடி கண்ணில் விழுந்து கிடந்த தலையோடு பென்விந்தாவால் பிரான்ஸ் போகவும் முடியாது. இருவரும் இதலினாவைப் பார்த்த பார்வையில் அவள் பஸ்பமாகியிருக்க வேண்டும். பென்விந்தா உட்கார்ந்தாள். இதலினா கழுத்தில் துண்டைச் சுற்றினாள், ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

தங்கை போகிற சேதி நார்சிசா காதுக்கும் எட்டியிருந்தது. ஒரு பாட்டு முழுக்கப் பொறுத்திருந்து, அவள் கண்ணாடியிடம் பேசினாள். "இதலினா, பிரான்ஸ் போறவங்க நவம்பருக்கு என்ன பண்ணுவாங்களாம்? பூவைத் தபால்ல அனுப்புவாங்களாமா?"

"இதலினா, அவங்ககிட்ட சொல்லு. கல்லறை அவங்களுக்கே. காலையும் அவங்களே வரட்டும், நாலு மணிக்கும் அவங்களே வரட்டும்" என்றாள் பென்விந்தா.

"கல்லறை எனக்கு எதுக்கு? அங்க இருக்கறது யாரோ தோடு போட்ட பொம்பள. நான் சொல்லல, இதலினாவே சொல்லியிருக்கா."

"என்கிட்டயா கதை விடறீங்க? நான் வெச்ச படம்தான் சரின்னு இதலினா இதே நாற்காலியில என்னை உக்கார வெச்சுச் சொன்னா. ஒரு தடவை இல்ல, நூறு தடவை!"

ரேடியோவில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தலைகளும் இதலினா பக்கம் திரும்பின.

"யாருக்குச் சொன்னது நிஜம்?" என்றாள் நார்சிசா.

இதலினா ரேடியோவை அணைத்தாள். இரண்டு பேரையும் இழந்துவிடலாம், இந்த நிமிஷமே. ஊர் முழுக்க இரட்டை நாக்குக்காரி என்று பெயர் வாங்கலாம். ஏதாவது சொல்லி மழுப்ப வாய் திறந்தாள். மழுப்பல் வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் சொன்னது நிஜம்தான். ரெண்டு பேர் சொன்னதும் சரி. சிரிச்சதும் உங்கம்மாதான், ஒரு நாளாவது தோடு போடணும்னு ஆசைப்பட்டதும் உங்கம்மாதான். அதுல பொய் இல்ல. நான் தப்புப் பண்ணினது வேற எடத்துல."

அவள் நார்சிசா பக்கம் திரும்பினாள். "தோனா நார்சிசா, நாலு வருஷம் முன்ன, கிறிஸ்துமஸ் வாரம். இந்த டிரையருக்குள்ள உக்காந்து நீங்க என்ன சொன்னீங்க? 'மட்டிச் சிப்பிச் சோறு எத்தனை தரம் பண்ணியும் வரல. அம்மா கை அவளுக்குத்தான் போச்சு'ன்னீங்க. கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க. நான் என்ன சொன்னேன்?"

நார்சிசா தொப்பியின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போய்ஷ்னேன். வெறும் போய்ஷ். குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு." பென்விந்தா பக்கம் திரும்பினாள். "நீங்க போன ஈஸ்டருக்குச் சொன்னீங்க. 'கல்லுல இருக்கிற அம்மாவைப் பாத்தா பயமா இருக்கு இதலினா. சிரிக்கிற அம்மாவைப் பாக்கணும்னா அக்கா வீட்டுக்குத்தான் போகணும், நான் எங்க போறது'ன்னு. உங்களுக்கும் போய்ஷ்தான் சொன்னேன். சண்டைக்கெல்லாம் சீப்பைத் தட்டினேன். தட்ட வேண்டிய எடத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். இப்ப சொல்றேன்."

சீப்பை மேஜையில் அடித்தாள். கிளிப் டப்பா சரிந்து கிளிப்கள் தரையெல்லாம் சிதறின.

"நெம் மைஷ்! ரெண்டுக்கும் நெம் மைஷ்!"

கையை என்ன செய்வது என்று தெரியாமல் இதலினா மறுபடி பென்விந்தாவின் நெற்றி முடியைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, ஈரமாக இருந்தது.

"ஏண்டி" என்றாள் நார்சிசா மூலையிலிருந்து. கண்ணாடியிடம் இல்லை, நேராக. "அப்படியா சொன்னே?"

பென்விந்தா தலையைத் திருப்பினாள். கத்தரிக்கோல் நறுக்கென்றது.

"சொன்னேன் அக்கா."

பதினொரு வருஷத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் அக்கா. நார்சிசா பிளாஸ்டிக் தொப்பியோடு எழுந்து வந்து, டை சொட்டச் சொட்ட, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கையின் கையைப் பிடிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அது தங்கையின் நாற்காலியின் கைப்பிடி.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு பஸ்?"

"ஆறரை."

"அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. சோறு நீதான் பண்ணணும். படம் ஒண்ணு காப்பி எடுத்து வெக்கறேன், ஊருக்குக் கொண்டு போ."

"மட்டி?"

"நான் வாங்கி வெக்கறேன்."

"நீ வாங்கினா மண்ணோட வாங்குவே. அப்பவே அப்படித்தான். நானே சந்தைக்குப் போறேன்."

"போடி, பெரிய இவ!" நார்சிசா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு இதலினாவைப் பார்த்தாள். "உனக்கும் ஒரு தட்டு உண்டு. உன் மொட்டைப் புருஷனையும் கூட்டிட்டு வா. இவ பண்ற சோறு எப்படி இருக்கும் தெரியுமா?" என்று தன் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். அந்த ஊரில் சாப்பாட்டுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. விரலில் இருந்த டை காதில் ஒட்டிக்கொண்டது.

பென்விந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு, கண்ணீரோடு, அம்மா மாதிரியே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியில் தன்னைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். நார்சிசாவும் பார்த்தாள். நெற்றி முடி இடது பக்கம் புருவத்துக்கு மேலே ஏறி, வலது பக்கம் கண்ணில் விழுந்து கிடந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்தக் கையில் இப்படி நடந்ததில்லை.

"கோணல்" என்றார்கள் அக்காவும் தங்கையும், ஒரே மூச்சில்.

இதலினா கண்ணாடிக்குள் இருந்த இரண்டு ஜோடிக் கண்களையும் பார்த்தாள். சீப்பு கையில்தான் இருந்தது. தட்டவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னாள்.

"நெம் மைஷ்."