ஒரே இழுப்பு

துணிச்சுருளைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். அதுவரை ஓயாமல் பேசியவள்தான். வீடுவீடாகப் போய், ஆறாத கால்புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். கூட வேலை செய்கிறவர்களுக்குக் கட்டக்கா. திரைச்சீலை வழியே வெயில் மங்கலாக இறங்கும். மடியில் கால். சுருள் மெல்ல அவிழ்ந்து அவிழ்ந்து மேலேறும். நுனியை ஒட்டிய பிறகுதான் எங்கேயோ போய்விட்டு வந்த முகத்தோடு நிமிர்வாள்.

"தூங்கிட்டியாம்மா?" என்பார் பெரியவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"கை முழிச்சிட்டுத்தான் இருக்கு ஐயா."

மூடுகிற மாதிரி வந்த அவர் புண், அவள் லீவில் போன நேரம் மறுபடி வாயைத் திறந்தது. "ஒருத்தி கட்டினது நாலடி நடக்கறதுக்குள்ள பாதத்துல வந்து விழுந்துடுச்சு. இன்னொருத்தி கட்டினதுல விரல் மரத்துப்போச்சு. நீங்கல்லாம் ஒரே படிப்புத்தானே படிச்சீங்க?" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புண்ணின் வாடைக்குப் பேத்தி மூக்கைப் பொத்திய நாளிலிருந்து அவர் மகள் வீட்டுப் பக்கமே போவதில்லை.

கட்டக்கா யாரையும் திட்டவில்லை. மறுநாள் நர்ஸுகள் அறையில் தன் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள். "கட்டுங்கடி. ஆளுக்கொரு நாள்."

ஒவ்வொருத்தியின் கட்டோடும் பொழுது முழுக்கப் படி ஏறி இறங்கினாள். சாயங்காலம் வந்து சொல்வாள்: "உன் கட்டு கணுக்கால்ல கடிக்குது." "உன்னுது மத்தியானமே தளர்ந்து தூங்கிடுச்சு." கடைசியில் அவர்கள் காலில் தானும் கட்டிவிட்டாள்.

"அக்கா, உங்களுது முட்டிக்குக் கீழ நெரிக்குது," என்றாள், அங்கே அதிகம் பேசாதவள் ஒருத்தி.

கட்டக்காவுக்குச் சுருக்கென்றது. பிறகு தரையில் உட்கார்ந்து தானே அவிழ்த்தாள். "சரி, மொதல்லேருந்து வருவோம்."

விரலடியில் தொடங்கி, குதிகாலை மூடி, ஒரு சுற்றின் பாதிமேல் மறுசுற்று ஏறும்படி, எல்லோர் கைக்கும் ஒரே இழுப்பு வரும்வரை கட்டிக் கட்டி அவிழ்த்தார்கள்.

அதற்குப் பிறகு பெரியவருக்கு ஒரே குறைதான். "யாரு வந்தாலும் ஒரே கையா இருக்கு. கண்ணை மூடினா யாருன்னே தெரியல."

மழைக்காலம் போய் வெளிச்சம் திரும்பிய ஒரு காலையில் கட்டை அவிழ்த்தால், புண் இருந்த இடத்தில் மெல்லிய புதுத்தோல் மினுங்கியது. பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பேத்தியப் பாக்கப் போலாமாம்மா?"

கட்டக்கா அவர் காலை இரு கைகளாலும் ஏந்தி, மூக்கு தோலில் படுமளவு குனிந்து, கண்ணை மூடி, மூச்சை நிதானமாக உள்ளே இழுத்தாள்.