கரண்ட் இல்லாமல் முடிந்த விமானப் பிணைச்சல்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினாலே கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ஆள் நான். இப்போது அப்படி ஒரு கதையை நான் சொல்ல, கேட்கிறவர்கள் எழுந்துபோகிறார்கள். அதுதான் ஆத்திரம்.

முதலில் அந்த யோசனை வந்த நாளைச் சொல்கிறேன். அக்கராயனில் மாமாவின் வயலுக்கு மருந்தடிக்க சுதன் அண்ணா கொண்டுவந்த ட்ரோனின் கை ஒன்று, மடங்குகிற இடத்தில் உடைந்துபோனது. கொழும்பிலிருந்து சாமான் வரச் சுணங்கும் என்றார்கள், பூச்சி அதுவரை காத்திருக்குமா? உடைந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து, கணினியில் வரைந்து, என்னுடைய முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் இழையை உருக்கிப் படை படையாக அடுக்கிப் புதுத்துண்டு ஒன்று செய்தேன். மறுநாள் ட்ரோன் பறந்தது. வரம்பில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் மண்டையில் பட்டது: இதற்குச் செய்யலாம் என்றால், ஆள் ஏறுகிற விமானத்துக்கு ஏன் செய்யக்கூடாது?

விமானங்களின் உட்புறத்தைத் திருத்துகிற கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு எழுதினேன். இருக்கையின் பின்னால் மடிக்கிற சாப்பாட்டு மேசைக்கு, அது மடங்கி நிமிர்கிற கீலாக, பிணைச்சல் ஒன்று செய்து அனுப்புங்கள், சோதனையில் தாங்கினால் வேலை தருகிறோம் என்றார்கள். படிப்பை முடித்துவிட்டு உருத்திரபுரத்தில் சும்மா இருக்கிற எனக்கு வேறு என்ன வேண்டும்?

பிணைச்சல் பாதி வளர்ந்திருந்தது, நல்ல மத்தியான வெயில், கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் கரண்ட் போனால் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிடுவோம், திரும்பி வரும்போது அடிக்கிற அடியில் சாமான் எரிந்துவிடும். நானும் பிடுங்கிக் கதிரையில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். பாதியில் நின்ற துண்டு குளிர்ந்தால் குப்பைக்குத்தான்.

குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை, உந்த வண்டை நிப்பாட்டடி. தலை இடிக்குது."

வண்டு என்பது சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேல் சுற்றித் திரிந்த வேவு விமானம், அது இரைந்தால் பின்னாலேயே குண்டு விழும். என் இயந்திரமும் அப்படித்தான் இரைகிறது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கரண்ட் இல்லையம்மா. அது அப்பவே நிண்டிட்டுது."

"அப்ப இரையிறது என்ன?"

நம்பினால் நம்புங்கள், எனக்கும் கேட்டது. ஓடிப்போய் அறைக்கதவைத் திறந்தேன், சத்தம் நின்றது. இயந்திரத்தின் திரை இருட்டு. ப்ளக் கதிரையில் போட்டபடியே கிடந்தது. தட்டில் பிணைச்சல் முழுதாக இருந்தது. தொட்டால் சூடு.

சுதன் அண்ணாவிடம் சொன்னேன்.

"இன்வெர்ட்டரில ஓடியிருக்கும் பிள்ளை."

"எங்கட வீட்டில எங்கயண்ணா இன்வெர்ட்டர்?"

"அப்ப நித்திரை கொண்டிருப்பாய்."

"கிணத்தடியில நிண்டுகொண்டோ?"

"உனக்கு நிண்டுகொண்டும் வரும்."

அவர் பகிடி பண்ணட்டும். அந்தக் கொழும்பு நிறுவனத்து எஞ்சினியரின் கதைதான் இன்னும் வயிற்றெரிச்சல். அனுப்பிய பிணைச்சலை எவ்வளவு இழுத்தும் உடைக்க முடியவில்லையாம், அதே மாதிரி இன்னொன்று கேட்டார். செய்து செய்து அனுப்பினேன், எல்லாம் இழுத்ததும் வெடிப்பு விட்டு உடைந்துபோனது. முதலாவதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"நடுவில கரண்ட் நிண்டிருந்தா அந்த இடத்தில ஒரு கோடு விழும் தங்கச்சி. இதில கோடே இல்லை. கதை விடாதேங்கோ."

கோடு விழும் என்று எனக்குத் தெரியாதா? கோடு இல்லாததை முதலில் கண்டவளே நான்தான். எப்படி வந்தது என்று தெரியாத துண்டை, எவ்வளவு உறுதியாக இருந்தாலும், விமானத்தில் பூட்டக்கூடாது என்றும் சொன்னார். அது சரி. சரியாக இருப்பதால்தான் இன்னும் எரிகிறது. அதே மாதிரி இன்னொன்று இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேலையை மறக்கச் சொல்லிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே இயந்திரத்தைத் தொடக்கிவிட்டு, கரண்ட் போனதும் ப்ளக்கைப் பிடுங்கப்போகிறேன், தொலைபேசியில் படமும் பிடிப்பேன். அன்றைக்குப் போலவே குசினியில் இருக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"குசினிக்குள்ள இருந்தா வடிவாத் தெரியாது. அண்டைக்குச் சத்தம் உன்ர அறைக்குள்ள இருந்து வரேல்லையடி. கூரைக்கு மேல நிண்டது."

"ஏனம்மா அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னா நீ நம்புவியோ?"

ஞாயிற்றுக்கிழமை நான் ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் இருப்பேன். அம்மா முற்றத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். வண்டுச் சத்தம் கேட்டால் குனிந்து ஓடியே பழகியவர், இந்தமுறை அண்ணாந்து பார்க்கிறேன் என்கிறார்.