பரிமளா டீச்சருக்கு ஒரு பேப்பர் கப்

கிளியனூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் பரிமளா டீச்சர் ஒன்பது வருடமாக டீக்கடை விளையாட்டு நடத்துகிறாள். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார வேண்டும். யார் வந்தாலும் கொட்டாங்குச்சியில்தான் டீ. அதில் அவள் படு கறார். காலனியில் பிறந்து, சின்ன வயதில் கடை வாசலில் தனிக் குவளையில் குடித்தவள் அவள்.

அன்றைக்குக் கடைக்காரி, ஊர்த்தெருவிலிருந்து வரும் நான்கு வயதுக் கலைமதி. எல்லாருக்கும் கொட்டாங்குச்சி நீட்டியவள், டீச்சர் முறை வந்ததும் ஒரு தாளைக் கிழித்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் ஏண்டி கண்ணு இது?"

"உங்களுக்குப் பேப்பர் கப்புதான் டீச்சர். எங்கம்மா உங்களுக்குன்னே வாங்கி வெச்சிக்கினு இருக்குது. குடிச்சிட்டு நீங்களே தூக்கிப் போட்டுடணும்."

பிள்ளைகளின் எடை பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் டீ தருவார்கள். அவர்கள் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில். இவளுக்கு மட்டும் புதுப் பேப்பர் கப். டீச்சர் என்று தனி மரியாதை செய்கிறார்கள் என்று புருஷனிடம் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், பாவி!

"ஆறிடப் போவுது, குடிங்க டீச்சர்."

பரிமளா தாளை வாயருகே கொண்டுபோனாள்.

பக்கத்தில் இருந்த காலனிப் பிள்ளை செந்தாமரை, தன் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஆசையாகக் கை நீட்டினாள்.

"எனக்கும் டீச்சருக்குக் குடுத்த மாதிரியே குடு."