சர்க்கரை போடாத குற்றம்

குரோம்பேட்டையை ஒட்டின அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனி நிற்கும் இடத்தில் பாதி, சுப்பராயலுவின் அப்பாவுடைய வேர்க்கடலைக் கொல்லை. அப்பா அதை மனை போட்டவர்களுக்கு விற்றார். தன் பங்குக்கு வந்ததில் சுப்பராயலு, கையால் சுற்றும் சோடா மிஷின் ஒன்றும், கொஞ்சம் கோலி பாட்டில்களும், ஒரு மூணு சக்கர வண்டியும் வாங்கினார். முதல் வருஷமே ஒரு பாட்டில் வெடித்து இடது புருவம் இரண்டாகப் பிளந்தது. அதற்கப்புறம்தான் முகத்துக்குக் கம்பி வலை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

நாங்கள் எழுபத்திரண்டில் குடிவந்தோம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கலர் சோடா வண்டி காலனிக்குள் வரும். சாதாரண விருந்தாளிக்குக் காபி, சம்பந்திக்கும் ஆபீசருக்கும் கலர் என்பது எங்கள் ஊர் மரியாதை. பன்னீர், திராட்சை, ஆரஞ்சு என்று மூன்று இருந்தன. மூன்றும் ருசியில் ஒன்றுதான், நிறம்தான் வேறே. பேரே கலர் ஆயிற்றே, அதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது? குடித்து முடித்ததும் நாக்கடியில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். அது சோடா காஸின் கசப்பு என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

எங்கள் நலச் சங்கத்தின் செயலாளர் ராஜாராமன். மத்திய அரசில் ஆடிட் பிரிவு. தினம் இரண்டு பாட்டில் திராட்சைக் கலர் குடிப்பவர். அது தவிர, சனிக்கிழமை தவறாமல் மாம்பலத்தில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி, ரயில் குரோம்பேட்டைக்கு வருவதற்குள் பாதியைக் காலி செய்துவிடுவார். எண்பத்தெட்டு மாசி மாசம் அவர் வீட்டு பாத்ரூமில் எறும்பு மொய்த்தது. மனைவி நாகலக்ஷ்மி பார்த்துப் பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சுகர் என்று சொல்லிவிட்டார்கள். தனக்கு வந்த நோயைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சுயநலமெல்லாம் ராஜாராமனுக்குக் கிடையாது. ஒரே வாரத்தில் காலனி முழுக்க யாரும் வாய்க்கு ருசியாக எதையும் சாப்பிடக்கூடாது என்றாகிவிட்டது. ஆனால் பழியை மைசூர்பாகின்மேல் போட அவருக்கு மனசு வரவில்லை. அகப்பட்டது கலர்.

நாகலக்ஷ்மி மாதர் சங்கத்தில் இரண்டு நாள் பழரச வகுப்புக்குப் போய்வந்தவள். கணவருக்காக எலுமிச்சை ஸ்குவாஷ் செய்தாள், சர்க்கரைக்குப் பதில் மெடிக்கல் ஷாப் சாக்ரின் மாத்திரையைப் போட்டு. ராஜாராமன் அந்தப் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டி, சுகர் ஃப்ரீ என்று பெரிய இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் கிடைத்தது. எனக்கும்தான். முதல் வாய் எலுமிச்சை, இரண்டாவது வாய் தித்திப்பு, மூன்றாவது வாய்க்கு நாக்கடியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. எங்கேயோ பழகின கசப்பு. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. மலேரியா மாத்திரை மாதிரி இல்லை? என்று நாகலக்ஷ்மியே என் காதில் கேட்டாள். ராஜாராமன் அதை, ஆஹா, ஆஹா என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

சித்திரையில் சங்கக் கூட்டம். மே மாத ஆண்டு விழாவில் கலருக்குப் பதிலாக ஸ்குவாஷ் கொடுப்பது, இனிமேல் கலர் வண்டியைக் காலனிக்குள் விடுவதில்லை. இதுதான் செயலாளர் கொண்டுவந்த தீர்மானம். ஸ்டேஷன் பக்கமெல்லாம் வேறு ஆட்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். காலனி போனால் சுப்பராயலுவுக்கு முக்கால் பிழைப்பு போச்சு. விளக்கம் கேட்க அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையில் நாலு பாட்டிலோடு வாசற்படியில் நின்றார். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தாராம். அவர் அப்பாவின் கொல்லையில் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம், அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

ராஜாராமன் ஆடிட் கணக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாட்டிலுக்கு ஆறு ஸ்பூன், தினம் இரண்டு பாட்டில், பதினாறு வருஷம், ஆக மூன்றரை மூட்டைச் சர்க்கரை தன் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். கலந்தவன் அதோ நிற்கிறான் என்று கையைக் காட்டினார். கைதட்டினார்கள். பிறகு, ஒரு பாட்டிலுக்கு எத்தனை ஸ்பூன் போடுகிறாய், மறைக்காமல் சொல் என்று நேராகவே கேட்டார்.

சுப்பராயலு முழித்தார். அந்த முழி எனக்குத் தெரியும், விடை தெரிந்தும் சொல்லப் பயப்படுகிற பிள்ளை என் வகுப்பில் முழிக்கிற முழி. பேசாமல் இருந்தால் காலனிக்கே சுகர் கொடுத்த பாவி. பேசினால் வேறே வம்பு. வண்டி போய்விடும் என்ற பயம்தான் ஜெயித்தது.

"சாமி சத்தியமா சொல்றேன் சார். ஒரு சிட்டிகை சக்கரை போட்டது கெடையாது. சக்கரை விக்கிற வெலைக்கு எங்க போடறது? எல்லாம் சாக்ரின்தான். அம்மா குடுத்த ஸ்குவாஷ்ல இன்னா கீதோ அதேதான் நம்ம பாட்டில்லயும் கீது."

யாரும் நம்பவில்லை. அவர் ஒரு பாட்டிலின் கோலியை உள்ளே தள்ளி, கலரைத் தரையில் ஊற்றி, எறும்பு வருதா பாருங்க என்றார். மத்திய அரசு, மாநில அரசு, இரண்டு பாங்கு, ஒரு இன்ஷூரன்ஸ் எல்லாம் குனிந்து கால் மணி நேரம் எறும்புக்காகக் காத்துக்கொண்டிருந்தன. சுவரோரம் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது. அதில் ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த நாக்கடிக் கசப்பு எங்கே பழகினது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் பிழைத்தார் என்று நினைத்தேன்.

பின் வரிசையிலிருந்து ஒருவர், அப்போ இத்தனை வருஷமும் சர்க்கரையே போடாமலா நம்மகிட்ட வித்தான் என்று கேட்டார். அவ்வளவுதான். சர்க்கரை விஷம் என்று அரை மணி நேரம் முன்னால் கைதட்டின அதே கூட்டம், எங்கள் சர்க்கரை எங்கே என்று எழுந்து நின்றது. குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்தோமே, சம்பந்திக்குக் கொடுத்தோமே என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். ராஜாராமனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

நாகலக்ஷ்மி மெதுவாக, ரெண்டும் ஒரே சாமான்தானே என்றாள். அப்படியானால் உங்களுக்கு சுகர் எங்கேயிருந்து வந்தது என்றும் கேட்டாள். கணவர் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மருந்து," என்றார் ராஜாராமன் சுப்பராயலுவிடம். "நீ போட்டது கலப்படம்."

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரவேண்டியிருந்தது, மனுவில் செயலாளர் கையெழுத்து வேண்டியிருந்தது. வேறு காரணம் சொன்னால் அது பொய். நாகலக்ஷ்மி மட்டும் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மினிட்ஸ் எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான். தடைக்குக் காரணம் என்ன என்று எழுதட்டும், சர்க்கரை இருப்பதாலா, இல்லாததாலா என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். ராஜாராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"ரெண்டையும் எழுதுங்கோ டீச்சர்," என்றார்.

எழுதினேன். கலர் பானங்களில் உள்ள சர்க்கரை உடல்நலத்துக்குக் கேடு என்பதாலும், மேற்படி பானங்களில் சர்க்கரை சேர்க்காமல் உறுப்பினர்களை ஏமாற்றியதாலும், மேற்படி வண்டி இன்று முதல் காலனிக்குள் அனுமதிக்கப்பட மாட்டாது. ஒரு பிழை இல்லை, ஒரு அடித்தல் இல்லை.

தெரிந்துகொண்டதற்கு அடையாளமாகச் சுப்பராயலு கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். நோட்டை அவரிடம் நீட்டினேன். படிக்காமல் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி முழுசும் படித்தார். பிளந்த புருவம் சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து படித்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"டீச்சர், நான் சக்கரை போட்டிருக்கணுமா, போட்டிருக்கக் கூடாதா? எத்த பண்ணியிருந்தா வண்டிய வுட்டுருப்பீங்க?"

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் காட்டினேன்.