தொட்டியில் முளைத்த சபை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறை பஸ் புத்தூரில் பழுதாகி நிற்கிறது. தண்ணீர் குடிக்க ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போகிறேன். அங்கே வெள்ளை உடுப்போடு ஏழு பேர்; தொட்டிக்குள் ஒரு பாஸ்டர்.

"புதுப் பப்டிஸ்ட் சபை, தம்பி. இண்டைக்குத்தான் முதல் முழுக்கு ஞானஸ்நானம்," என்கிறார் தோட்டக்காரர். "எல்லாரும் பழைய சபையிலை தண்ணி தெளிச்ச ஆக்கள்தான். தெளிச்சது காணாதாம், முழுசா முழுகவேணுமாம்."

ஆறு பேர் முழுகிவிட்டார்கள். ஏழாமவர் ஆறடி உயரம். சபை கூடுவதற்குத் தன் கொட்டிலைக் கொடுத்தவர் அவர்தானாம். தலையை அமத்தினால் முழங்கால் எழும்புகிறது, முழங்காலை அமத்தினால் தலை எழும்புகிறது.

"முழங்கால் நனையாட்டி செல்லாது, பாஸ்டர்," என்கிறார் நனைந்த அக்கா ஒருவர்.

"அப்ப நான் என்ரை கொட்டிலோடை பழைய சபைக்கே போறன்!" என்கிறார் நெட்டையர்.

பாஸ்டரின் கண் என்மேல் விழுகிறது. "அண்ணை, உந்த முழங்காலை ஒருக்கா அமத்திப் பிடியுங்கோ."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நெற்றித் திருநீற்றோடு தொட்டிக்குள் இறங்கி அமத்துகிறேன். நெட்டையர் முழுதாக மூழ்குகிறார். சபை தப்புகிறது. அவர் உதைத்த உதையில் நானும் மூழ்கி எழும்புகிறேன்.

"கவனம் தம்பி, உம்மையும் சேர்த்துப்போடுவினம்," என்று தோட்டக்காரர் சிரிக்கிறார்.

பாஸ்டர் கண்ணை மூடுகிறார். "ஆண்டவரே, இண்டைக்கு எட்டு ஆத்துமாக்களைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்."

தோட்டக்காரர் தொட்டியைத் திறந்துவிடுகிறார். எட்டாவது ஆத்துமாவின் திருநீறு வாய்க்காலோடு வெங்காயத்துக்குப் போகிறது.

உடுப்புக் காய்ந்து மூன்று கிழமைக்குப் பிறகு எழுதியது: புரட்டாதி, இரண்டாம் ஞாயிறு.