சவுக்குக் குச்சி நட்ட இடம்

கன்னியம்மாள் காலை ஏழு மணிக்கு மீன் கூடையோடு குருசுக்குப்பத்தை விட்டுக் கிளம்பினால், பத்தரைக்குள் டவுனில் பன்னிரண்டு வீடு முடித்துவிடுவாள். அதில் நாலு, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகள். அங்கே வஞ்சிரம் தவிர வேறு எதுவும் போகாது. கடைசி வீடு பாரதியுடையது. பேங்கில் வேலை பார்க்கும் பாரதிக்கு மீனைக் கழுவி நறுக்கியே கொடுத்துவிட வேண்டும்.

2007 ஆவணியில் ஒருநாள், கன்னியம்மாள் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பாரதி ஒரு கத்தைத் தாளோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். குப்பத்துக்கு வடக்கே மிஞ்சியிருந்த முந்நூறு அடி மணலையும் கருங்கல் கொட்டி அடைத்து, மேலே நடைபாதை போடத் திட்டம். வெள்ளிக்கிழமை கலெக்டர் முன்னால் மக்கள் கருத்துக் கேட்பு. பாரதியும் அவள் சிநேகிதர்கள் நாலு பேரும் எதிர்த்து மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சுனாமி வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கல் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். கன்னியம்மாள் மட்டும், "கல்லு வந்துட்டா போட்டை எங்க ஏத்துவீங்க, மொட்டை மாடியிலயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதக் கேளு," என்று பாரதி திட்ட அறிக்கையைப் படித்தாள். "'ஜூன் மாதம் மூன்று நாள் ஆய்வு செய்யப்பட்டது. இக்கரைக்குக் கடல் ஆமைகள் வருவதில்லை என்று உள்ளூர் மக்களே தெரிவித்தனர்.'"

"ஜூன்லயா? பங்குனி ஆமைன்னு பேரே வச்சிருக்கோம். ஆனியில வந்து தேடினா ஆமையா நிக்கும்?"

"அப்ப வருதா?"

கன்னியம்மாள் அடுத்த மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டினாள்.

"ஆமை முட்டை போடுற கரைன்னு காட்டிட்டா, மறுபடி ஆய்வு பண்ணாம கல்லு கொட்ட முடியாது கன்னியம்மா. வாய்ப்பேச்சு போதாது. ஒரு ஓடாவது வேணும்."

ஓடு இருந்தது. ஒன்றல்ல, பதினொன்று. முட்டை போடக் கரைக்கு வரும் ஆமை வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்துவிட்டால், குப்பத்து ஆட்கள் அதைக் கடலில் தள்ளுவதில்லை. கரைக்குக் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மஞ்சள் துணி போர்த்தி, கற்பூரம் காட்டி, அந்த மணலில்தான் புதைப்பார்கள். மேலே ஒரு சவுக்குக் குச்சி. குச்சி நிற்கிற இடத்தில் யாரும் போட்டை ஏற்றமாட்டார்கள். ஆனால் வெளியாளிடம் மூச்சு விடக்கூடாது. ஆமை செத்தது தெரிந்தால் வனத்துறைக் கேஸ், போட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். அதனால் யார் கேட்டாலும் ஒரே பதில்: "ஆமையா? இங்கயா?" ஜூனில் நோட்டோடு வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். சொன்னவர்களில் கன்னியம்மாளும் ஒருத்தி.

கடைசி இரண்டு குச்சிகள் அவள் புருஷன் வேம்பு நட்டவை.

அன்று சாயங்காலம் வேம்பு வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ஊசியை வைத்துவிட்டான்.

"இன்னாடி, பேங்கு பொம்பள சொல்லிட்டான்னு என்னை உள்ள தள்ளப் போறியா?"

"வேணும்னா புடிச்ச? தானா வந்து மாட்டுச்சி."

"அத ஜட்ஜுகிட்ட சொல்லு. சுனாமியில கட்டுமரம் போயி, அப்புறம் வந்த போட்டு அது. அதுவும் போச்சின்னா உன் கூடையில கல்லைத்தான் வச்சி விக்கணும்."

"கரை போயிட்டா போட்டை வச்சி இன்னா பண்ணுவ? ஆமை ஏறுற எடத்துலதான் போட்டும் ஏறும். ரெண்டுக்கும் அதே மணலுதான்."

"வாயத் தொறக்காத. அவ்ளோதான்."

மறுநாள் வியாழன். வேம்பு சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். அவன் அப்படிச் செய்தால் கோபம் உச்சத்தில் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. பாரதி மனுவைப் படித்தாள். கலெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆதாரம் இருக்கா மேடம்?" என்றார். பஞ்சாயத்துத் தலைவர் புருஷோத்தமன் எழுந்தார்.

"ஆமையா? எங்க பாட்டன் காலத்துல வந்துருக்கும் சார். இப்ப டிவியிலதான் பாக்குறோம்."

கூடம் சிரித்தது. கலெக்டர் பேனாவை மூடினார். மூடிய சத்தம் கேட்டதும் கன்னியம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏ வேம்பு பொண்டாட்டி, குந்து," என்றார் புருஷோத்தமன்.

"குந்துறேன் மாமா. ஒரு வார்த்தை." கலெக்டர் பக்கம் திரும்பினாள். "ஆமை வருது சார். ஜூன்ல வந்தவங்ககிட்ட வரலன்னு பொய் சொன்னேன். கேஸ் வரும்னு பயம். செத்த ஆமை பதினொன்னு அந்த மணல்ல கீது. வயிறு நெறய முட்டையோட செத்ததுங்க. எடத்துக்கு எடம் குச்சி நட்டு வச்சிருக்கு. ரெண்டு எங்க வூட்டு வலையில மாட்டினது."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் வேம்பு எழுந்து வெளியே போனான்.

நாலு மணிக்குக் கரையில் பார்க்கலாம் என்றார் கலெக்டர்.

நாலு மணிக்குக் கரையில் ஒரு குச்சிகூட இல்லை.

யாரோ பிடுங்கி, தென்னை மட்டையால் மணலை இழுத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். கன்னியம்மாள் இங்கும் அங்கும் நடந்தாள். புதைத்தபோதெல்லாம் அவள் டவுனில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள். குச்சி இல்லாமல் இடம் தெரியாது. அவள் காட்டிய இரண்டு இடத்தில் வனத்துறை ஆட்கள் தோண்டினார்கள். மணல்தான் வந்தது.

"வெயில்ல அலைஞ்சி தலை கிறுகிறுத்துடுச்சி போல," என்றார் புருஷோத்தமன். கலெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேம்பு தன் போட்டின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. பார்க்கக்கூட இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது இடத்தைக் காட்டக் கையை நீட்டினாள்.

"அங்க இல்ல," என்றான் வேம்பு.

"ஏ வேம்பு, ஊரை நெனச்சிப் பேசு," என்றார் புருஷோத்தமன்.

"நெனச்சிதாண்ணே பேசுறேன்."

அவன் தண்ணீரோரம் போய்க் கரையைப் பார்த்து நின்றான். கடலில் மீன் கிடக்கும் பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பதுபோல, விளக்குக் கம்பத்தையும் அதற்குப் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தான். பிறகு மேலேறி வந்து குதிகாலால் மணலைக் கீறினான்.

"இங்க தோண்டு."

முழங்கை ஆழத்தில் ஓடு தட்டியது. பக்கத்தில் இற்றுப்போன மஞ்சள் துணி. ஓட்டுக்கு உள்ளே காய்ந்து சுருங்கிய முட்டைத் தோல்கள். பாரதி படம் எடுத்தாள்.

"யார் வலை?" என்று கேட்டார் வனத்துறை அதிகாரி.

"என்னுது. மத்த ஒம்போதும் எனக்குத் தெரியாது."

புருஷோத்தமன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே வேம்புவின் போட்டுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அவன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஊருல உனக்கு மீன் குடுக்கக் கூடாதுன்னு பேசிக்கிறாங்க."

"பக்கத்து வைத்திக்குப்பத்துல எடுத்துக்கறேன்."

"அங்க மட்டும் குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாக்குறேன்."

சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவள்தான் கழுவினாள்.

போட்டு இரண்டு மாதம் கழித்து, வேம்பு எட்டுத் தடவை வனத்துறை ஆபீசுக்கு நடந்தபின், திரும்பி வந்தது. கல் கொட்டுவதை மறு ஆய்வு வரை நிறுத்தி வைத்தார்கள். 'வரை' என்ற சொல்லை பாரதி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

அடுத்த பங்குனியில் நோட்டோடு இரண்டு பேர் விடிவதற்குள் வந்து நின்றார்கள். முன்பு வந்த அதே ஆட்கள். மீன் எடுக்க வைத்திக்குப்பத்துக்குக் கூடையோடு கிளம்பிய கன்னியம்மாளை நிறுத்தி, "இங்க ஆமை வருதாம்மா?" என்றார்கள்.

அவள் கூடையை இறக்கிவைத்தாள். "செருப்பக் கழட்டிட்டு வாங்க. தடம் அழிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.