எண்பத்தேழில் நின்ற பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சஹாபுதீன் ஆள்காட்டி விரலால் உள்ளே ஒரு கோடு இழுக்கிறார். விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கரேலென்று இருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் சிப்காட் உருக்காலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தவிட்டு நிறமென்றால் ஆரம்பாக்கம், வயலை ஒட்டிய வீடு. திருகாணிகளில் வெள்ளை பூத்திருந்தால் பழவேற்காடு, உப்புக்காற்று; அது அவருடைய சொந்த ஊர். "ஊரு பேரு இல்லாத தூசி ஏதுக்கா?" என்பார். பிறகு பெயின்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, தூங்குகிற குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் மூலை மூலையாகத் துடைப்பார்.

நாற்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். "எங்க ஊட்டுல எல்லாரும் கருவாட்டு யாவாரம். நான் மட்டும் கரண்ட்டுல கைய வெச்சிகினு கீறேன்" என்று தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்வார். கடைக்காரர் ஷூவோடு உட்கார்ந்திருந்தாலும் இவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். என்ன கோளாறு என்று ஒருபோதும் கேட்பதில்லை. "கடைசியா இது எப்போ நல்லா இருந்துச்சி?" என்றுதான் கேட்பார். வைத்தியரிடம் போலவே ரிப்பேர்காரரிடமும் ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கூடவே ஒன்று சொல்லிவைப்பார்: "யாரு கை வெச்சாங்கன்னு கேக்க மாட்டேன். இன்னா பண்ணாங்கன்னு மட்டும் சொல்லுங்கோ."

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் உள்ள சந்திரகலாவின் கடையில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் எல்லாம் அவள் பொறுப்பு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் பரசுராமன் ஜாதகம் கணித்துக் கொடுப்பார். இருவருக்கும் பொதுவாக, நெட் இணைப்போடு ஒரே கம்ப்யூட்டர். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை தன் ஒப்பந்தத் தொழிலாளிகளின் அடையாள அட்டைகளை அவளிடம்தான் அடிக்கக் கொடுத்திருந்தது. கடை நின்றுகொண்டிருந்ததே அந்த வேலையில்தான். பென் டிரைவில் ஒட்டிக்கொண்டு ஊரூராகப் பரவிய புழு ஒன்று அவள் கடையிலிருந்து தொழிற்சாலைக்கு இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது முறை போனால் வேலை வேறு கடைக்கு என்று, அங்கிருந்து வரும் ஆசீர்வாதம் சொல்லிவிட்டார்.

புழுவைத் தடுக்க விண்டோஸ் அப்டேட் ஏற வேண்டும். சஹாபுதீன் அதைத் தடுப்பூசி என்பார். அது ஏற மறுத்தது. பொத்தானை அழுத்தினால் நீளமான ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். முதல் தடவை வந்தபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். இரண்டாம் தடவை, மூலையில் தெரிகிற தேதி தப்பாக இருப்பதைக் கவனித்தார். உள்ளே இருக்கும் பொட்டு பேட்டரி செத்துப்போனால் பெட்டிக்கு நாள் மறந்துவிடும். புதுப் பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, இனித் தானாக ஏறிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏறவில்லை. மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து உட்கார்ந்தபோது, மூலையில் வருடம் மறுபடியும் பின்னால் போயிருந்தது. மதியத்துக்கு மேல் ஆசீர்வாதம் அடுத்த கட்டு புகைப்படங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தார்.

"புது பேட்டரிக்கா. எப்டி பின்னால போவும்?"

"என்ன கேட்டா? நான் அட்டைய தவிர வேற எதையும் தொடறதில்ல பாய்" என்றாள் சந்திரகலா.

சஹாபுதீன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கடையைப் பார்க்க ஆரம்பித்தார். பெட்டி வாயைத் திறக்காதபோது அது இருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா என்றொரு பெண்மணி வந்தாள். "மாப்ள ஊட்ல பொண்ணு ஜாதகம் கேக்கறாங்கோ சாமி" என்று மகள் பிறந்த நாளையும் நேரத்தையும் சொன்னாள். பரசுராமன் தடுப்பைத் தாண்டி வந்தார். "ரெண்டே நிமிசம் பாய், ஒத்திக்கோ" என்று மவுஸை வாங்கினார். மூலையில் இருந்த கடிகாரத்தைத் திறந்தார். வருடத்தை எண்பத்தேழுக்குக் கொண்டுபோனார். மார்ச் பத்து, விடியற்காலை நாலு இருபது. ஜாதக சாஃப்ட்வேரைத் தட்டியதும் கட்டம் வந்து நின்றது.

கன்னியம்மா தாளை வாங்கிக்கொண்டு போனதும் சஹாபுதீன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"ண்ணா, இப்போ இன்னா பண்ண?"

"இது டெமோ பாய். இன்னிக்குத் தேதிக்கு மட்டுந்தான் கட்டம் போடும்." பரசுராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான், அந்தப் பொண்ணு பொறந்த நாள இன்னிக்கு ஆக்கிட்டேன்."

"அடப்பாவி மனுசா!" சந்திரகலா லேமினேஷன் மெஷினை விட்டுவிட்டு எழுந்தாள். "பாய் பேட்டரி மாத்தச்சொல்ல பக்கத்துலயே நின்னுகினு டீ குடிச்சியே!"

"என்ன யாரு கேட்டா?"

சஹாபுதீன் சத்தம் வராமல், தோள்கள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு விளக்கினார்: "ஊசி போட்ற ஆளு வந்து கதவ தட்றான்க்கா. சீட்டு காட்டுன்னு பொட்டி கேக்குது. அவன் சீட்டுல ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு வருசம் போட்டுகீது. பொட்டி எண்பத்தேழுல நின்னுகினு கீது. இன்னும் வராத வருசத்துல சீட்டு வாங்கினவன எவன் உள்ள உடுவான்? டுபாக்கூர்னு கதவ சாத்திக்குது."

அவர் மவுஸை எடுத்தார். பரசுராமன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாய், ராகுகாலம். பன்னெண்டுக்கு மேல வெச்சிக்கோ."

"ண்ணா, உன் பொட்டி கணக்குல இன்னிக்கு செவ்வாக்கெழம விடியக்காலம். ராகு எங்க கீறாரு?"

பரசுராமன் யோசித்துப் பார்த்தார். கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கையை எடுத்தார். ஆனால் அப்டேட் ஏற வேண்டுமென்றால் முதலில் தேதியைத் திருத்த வேண்டும். சஹாபுதீன் இரண்டாயிரத்து ஒன்பதுக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமைக்கு வந்து, பதினொன்றரை மணியில் நின்றார்.

"இப்ப வந்துட்ச்சில்ல!" என்றார் பரசுராமன்.

அந்த நெட் லைன் ஆமை. இப்போதே தொடங்கினால்தான் ஆசீர்வாதம் வருவதற்குள் ஏறி முடியும். அது சஹாபுதீனுக்குத் தெரியும். ஆனாலும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். தனக்கு ஜும்மா எப்படியோ அப்படித்தான் இவருக்கு இது என்று நினைத்தாரோ என்னவோ. சந்திரகலாவைப் பார்த்தார்.

"ராகுவ நான் பாத்துக்கறேன். நீ போய் டீ சொல்லு" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவளே அழுத்தினாள்.

அந்த நீளமான எண் வரவில்லை. பச்சைக் கோடு ஒன்று, மழைக்குப் பிறகு வெளியே வரும் பூச்சியைப்போல, நின்று நின்று நகர ஆரம்பித்தது.

அது நகர்கிற நேரத்தில், ஜெராக்ஸ் தாள் அடுக்க முக்காலியாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைச் சஹாபுதீன் வெளியே இழுத்தார். உயிர் கொடுத்து, ஜாதக டெமோவை அதில் ஏற்றி, தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார். நெட் ஒயர் கொடுக்கவில்லை. "இத எந்த வருசத்துக்கு வேணா கூட்டிகினு போண்ணா. ஊசியும் வேணாம், உலகமும் வேணாம்." பரசுராமன் உடனே குங்குமம் எடுத்துவந்து அதற்குப் பொட்டு வைத்தார்.

ஜும்மா தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது சந்திரகலா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். யாரும் தெரியாமல் அணைத்துவிடக்கூடாதென்று சுவிட்சை உள்ளங்கையால் மூடியிருந்தாள். அப்டேட் ஏறி முடிந்திருந்தது. சஹாபுதீன் ஸிடி ஒன்றைப் போட்டு, மிச்சமிருந்த புழுவையும் தேடித் துடைத்தார்.

அப்போதுதான் ஆசீர்வாதம் வந்தார். பென் டிரைவைக் கையில் வைத்திருந்தார், நீட்டவில்லை.

"இன்னா மேடம், நம்பிப் போடலாமா? இந்த வாட்டி எதுனா ஆச்சுன்னா என் சீட்டே கிழிஞ்சிடும்."

சந்திரகலா சஹாபுதீனைத் திரும்பிப் பார்த்தாள். பரசுராமன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார், பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார்.

சஹாபுதீனின் சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் உண்டு. பத்து வருடமாக அவர் சேர்த்த தொழில் முழுவதும் அதில் இருந்தது. புழுவுக்குப் பயந்து எந்தக் கடையின் பெட்டியிலும் அதை அவர் சொருகியதில்லை. வெளியே எல்லாமே ஸிடிதான். அவர் சாவிக்கொத்தை எடுத்து, வளையத்திலிருந்து அதை நகத்தால் நெம்பிக் கழற்றினார். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, அதைச் சந்திரகலாவின் பெட்டியில் சொருகினார்.